தாளில் இல்லாத கிணறுகள்

கிணறு களவு போகும் என்று ஜெரிசன் ஒருநாளும் நினைத்ததில்லை. கோழி களவு போகும். சைக்கிள் களவு போகும். வேலி அடைக்கிற சாட்டில் பக்கத்துக் காணியில் நாலு விரல் அகலம் களவு போகும். அதெல்லாம் ஊரில் உள்ளது. ஆனால் ஆறு வீட்டுக் கிணறு ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமற் போவதென்றால், தூக்கிக்கொண்டு போனவன் என்ன சாப்பிடுகிறவன் என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் வந்தது.

"அக்கா, ஆளைப் பிடிச்சால் நீங்களே முன்னுக்குப் போங்கோ," என்றான், ஓட்டோவை உரும்பிராய்ச் சந்தியில் திருப்பிக்கொண்டு. "கிணத்தைத் தூக்கினவனுக்கு என்னைத் தூக்கிறது பெரிய வேலையில்லை."

"களவு போனது கிணறில்லை, ஜெரிசன். வீட்டுப் பிளானிலை கீறியிருந்த கிணறு."

"அப்ப தண்ணி?"

"தண்ணி இருந்த இடத்திலை தான் கிடக்கு. நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு."

தனுசியா துப்பறிகிறவள். சுன்னாகத்தில் ரயர் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு கதிரை. அவளிடம் வருகிற வழக்கில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை: குடிக்கிறாரோ, கனடாவில் ஏற்கெனவே ஒன்று இருக்கோ. ஜெரிசன் அவளுக்குச் சாரதி, உதவியாளன், வாய். அதற்கு முன் மேசன்மாருக்குச் சாந்து குழைத்தவன். முதுகு ஒருநாள் இனி ஏலாது என்று சொன்ன பிறகு ஓட்டோவுக்கு வந்தான். முதுகு ஓய்ந்தது, வாய் மட்டும் ஓயவில்லை.

இன்று அவளைக் கூப்பிட்டது மீனாம்பிகை, கட்டட இஞ்சினியர். வீட்டுப் பிளான் கீறிக் கொடுக்கிற அவவின் ஒபிஸ் வாசலிலேயே ஒரு பலகை: 'இங்கே கணக்கு மட்டும். வாஸ்து பார்க்கப்படமாட்டாது.' ஜெரிசன் அதை இரண்டுதரம் வாசித்தான். சாமியறையில் கொழுத்திய ஊதுபத்தி மணம் அந்தப் பலகையைத் தாண்டித்தான் வெளியே வந்தது.

தனுசியா நீட்டிய கார்டை மீனாம்பிகை வாங்கி, கையை முழுசாய் நீட்டிப் பிடித்துக்கொண்டு பார்த்தா.

ஜெரிசன் தனுசியாவின் காதுக்குள், "நான் கார்டை மீன் பையோடை வைச்சிருந்தனான். மணக்குது போல," என்றான்.

"ஆறு பேர் வந்து என்ரை வாசலிலை நிண்டு கத்திப்போட்டுப் போயிட்டினம்," என்றா மீனாம்பிகை. "பிரதேச சபை ஆறு பிளானையும் திருப்பி அனுப்பிப்போட்டுது. கிணறு எங்கை, கிணத்துக்கும் கக்கூசுக் குழிக்கும் எவ்வளவு தூரம் எண்டு கேக்கினம். இருவது வருசமாய் என்ரை பிளான் ஒண்டு திரும்பினதில்லை. செய்தது ஆரெண்டு எனக்குத் தெரியும். நீங்கள் அதுக்கு ஒரு அத்தாட்சி தந்தால் காணும். இண்டைக்கு ஒபிஸ் பூட்டேக்கை அந்தப் பிள்ளை போயிட வேணும்."

"ஆர் அந்தப் பிள்ளை?"

மீனாம்பிகை கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கையைக் காட்டினா. கொம்பியூட்டருக்கு முன்னால் ஒரு பெண் கைகளை மடியில் வைத்தபடி இருந்தாள்.

"கஜந்தினி. கோப்பாய்ப் பக்கம் புது ஒபிஸ் ஒண்டு திறந்திருக்கினம். அங்கை போக முதல் என்ரை பேரைக் கெடுத்திட்டுப் போகப் பாக்கிறாள். நேற்று வந்த ஆக்களுக்கு முன்னாலேயே சொல்லிப்போட்டன்."

கஜந்தினி அவர்களைக் கண்டதும் எழும்பினாள். "நான் கோப்பாய்க்குப் போகேல்லை அக்கா. ஆனால் மேடம் களவாணி எண்டு அனுப்பினால் கோப்பாயிலையும் எடுக்கமாட்டினம், கொடிகாமத்திலையும் எடுக்கமாட்டினம். கீறுறதை விட்டால் எனக்கு வேறை ஒண்டும் தெரியாது."

"இரும், இரும்," என்றாள் தனுசியா. "கிணறு எப்பிடிப் போனது எண்டு முதல்லை காட்டும்."

அவள் இருந்தாள். கை கொம்பியூட்டரில் பட்டதும் ஆளே மாறிவிட்டாள். திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை. அதில் சின்னச் சின்னப் பொத்தான்கள்.

"இதுக்குப் பேர் பலெட். நெடுக எடுக்கிற சாமானைக் கைக்குக் கிட்ட வைக்கிறது. கதவு, யன்னல், துளசிமாடம், கக்கூசுக் குழி, கிணறு. இஞ்சாலை சுவருக்குச் சமனாய் இன்னொரு கோடு இழுக்கிறதுக்கு, ஒரு பக்கத்தைக் கண்ணாடியிலை பாக்கிற மாதிரி மற்றப் பக்கம் கவிழ்க்கிறதுக்கு. ஒவ்வொண்டாய்த் தேடித் திரியத் தேவையில்லை, அமத்தினால் சரி. நான் தான் உதைச் செய்தனான். ஒபிஸிலை எல்லாற்றை கொம்பியூட்டரிலும் இதே பலெட் தான்."

"ஆரும் ஒருத்தர் ஒரு பொத்தானை மாத்தினால்?"

"எல்லாருக்கும் மாறும்."

"மேசன்ரை பை மாதிரி," என்றான் ஜெரிசன். "பையைத் திறந்தால் ஆற்றை எண்டு சொல்லிப்போடுவன் அக்கா. சாந்து பூசுற சாந்தகப்பை மேலை கிடந்தால் வேலைகாரன். வெத்திலைச் சரை மேலை கிடந்தால் செபநாயகம் அண்ணை. ரெண்டும் இல்லாமல் குடை கிடந்தால் ஓவசியர்."

தனுசியா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்தால் அவன் ஏதோ நல்லதாய்ச் சொல்லிவிட்டான் என்று அர்த்தம். என்ன சொன்னான் என்பதுதான் அவனுக்கு ஒருநாளும் விளங்குவதில்லை.

கஜந்தினி கிணற்றுப் பொத்தானை அமத்தி, வெறும் காணியின் மூலையில் ஒரு கிணறு வைத்தாள். திரையில் அழகான வட்டம். பிரிண்டுக்குக் கொடுத்தாள். வந்த தாளில் காணி இருந்தது, வேலி இருந்தது. கிணறு இல்லை.

"திரையிலை மாரி, தாளிலை கோடை," என்றான் ஜெரிசன்.

"எங்கடை குறிப்புக்கெண்டு ஒரு லேயர், தனி அடுக்கு மாதிரி, இருக்கு அண்ணை. அதிலை கீறினால் கண்ணுக்குத் தெரியும், தாளிலை வராது. ஆரோ கிணத்துப் பொத்தானைத் திறந்து, இனிக் கிணறெல்லாம் அந்த லேயரிலை விழட்டும் எண்டு மாத்தி விட்டிருக்கினம். கண்டுபிடிச்சு மேடத்திட்டைச் சொன்னதே நான் தான். உன்ரை பலெட், உன்ரை பொத்தான், உன்ரை கதிரை, வேறை ஆர் எண்டு கேட்டா. அத்தாட்சி எண்டு ஒண்டையும் தொடவும் விடேல்லை."

தனுசியாவின் விரல் பட்டையின் அடியில் நின்றது. அங்கே இரண்டு பொத்தான்கள், மற்றவை எல்லாம் கடுகென்றால் இவை பூசணிக்காய்.

"இதுகள் என்ன?"

"ஒண்டு அண்டூ. பிழையாய்ச் செய்ததைத் திருப்பி எடுக்கிறது. மற்றது கிட்டவாக்கிப் பெரிசாய்க் காட்டிறது. ஆரோ போட்டிருக்கினம். நாங்கள் உதுக்கெல்லாம் பொத்தான் அமத்திறேல்லை. அது விரலிலையே வரும். கழட்டுவம் கழட்டுவம் எண்டு நேரம் கிடைக்கேல்லை."

"பொத்தான் மாறின பிறகு போன பிளான் எல்லாத்தையும் எடும்."

எடுத்தாள். எண்ணிப் பார்த்தால் ஏழு. கத்தினவர்கள் ஆறு பேர். எல்லாவற்றுக்கும் முதல் போனது அளவெட்டியில் குணலட்சுமி என்பவரின் வீடு. அங்கிருந்துதான் ஒரு சத்தமும் இல்லை.

"மேடத்தின்ரை தங்கச்சி," என்றாள் கஜந்தினி. "லண்டனிலை இருக்கிறா. அத்திவாரக்கல்லும் வைச்சாச்சு."

"பாத்தியளோ," என்றான் ஜெரிசன். "மேடத்தின்ரை குடும்பத்துக் கிணத்திலையே கை வைச்சிருக்கிறான். இது பெரிய கோபம் உள்ள ஆள்."

"கிணறு போயும் கத்தாத ஆளைத்தான் எனக்குப் பாக்க வேணும். எடு ஓட்டோவை."

* * *

அளவெட்டியில் எங்கோ ஒரு வீட்டில் நாதஸ்வரம் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். அந்த வாசிப்புக்கு நடுவில் குணலட்சுமியின் காணிக்குள் ஒரு லொறி பின்பக்கமாய் வந்துகொண்டிருந்தது. லொறி நிறைய உடைந்த கல்லும் மண்ணும். லொறி போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஒரு கிணறு. கிணற்றுக்கட்டை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் படுத்திருந்தார்.

"மண்ணைக் கொட்டிறதெண்டால் என்ரை முதுகிலை கொட்டு," என்றார் அவர், சாவகாசமாய்.

ஜெரிசன் யோசிக்கவில்லை. ஓடிப்போய் லொறிக்கும் கிணற்றுக்கும் நடுவில் நின்று, பிரேக் பிடிக்கிறவன் போலக் காலைத் தரையில் உதைத்தான். லொறி நின்றது. அவனுடைய உதையால் அல்ல, தனுசியா சாரதிப் பக்கக் கதவில் தட்டியதால். ஆனாலும் அவன் அதைத் தன் கணக்கிலேயே வைத்துக்கொண்டான்.

கல் அடுக்கிய இடத்திலிருந்து வெத்திலை வாயோடு ஒருவர் எழும்பி வந்தார். செபநாயகம் மேசன்.

"அண்ணை, கிணத்தை மூடுறியளோ?"

"நானோ மூடுறன்? பிளான் மூடுது," என்று அவர் தாளை விரித்துக் காட்டினார். நாலு மூலையிலும் மஞ்சள் பூசியிருந்தது. "இதிலை கிணறு இல்லை. கிணறு இருக்கிற இடம் வெறும் வீட்டு முத்தம். அப்ப கிணத்தை மூடி முத்தமாக்கிறது தானே வேலை. நான் ஒருநாளும் பிளானுக்கு மேலாலை போறேல்லை."

கட்டைக் கட்டிப்பிடித்திருந்தவர் தலையைத் தூக்கினார். "பிள்ளை, நான் பஞ்சலிங்கம். பக்கத்து வீடு. இது பங்குக் கிணறு. அரைவாசி என்ரை. என்ரை தோட்டத்திலை வெங்காயம் நிக்குது. மேசன் பிளான்படியே செய்யட்டும். குணலட்சுமியின்ரை பாதியை மூடட்டும், என்ரை பாதியை விடட்டும்."

"பாதிக் கிணத்தை எப்பிடி ஐயா மூடுறது?" என்றான் ஜெரிசன்.

"அது மேசன்ரை வேலை. என்னைக் கேக்காதை."

தனுசியா மேசனிடம் மெல்லத் திரும்பினாள். "முதல்லை வந்த பிளானிலையும் கிணறு இல்லையோ?"

"இருந்தது, இருந்தது. சபை பாஸ் பண்ணினதே அதைத்தான். கல் வைக்கிறதுக்கு நாள் பாக்க வந்த சாத்திரியார் தான் அதைப் பாத்திட்டு, கன்னிமூலையிலை கிணறு, இந்தப் பிளானை நிறைகுடத்துக்குப் பக்கத்திலை வைச்சுக் கும்பிடேலாது எண்டு எழும்பிப்போட்டார். கிணறு ஈசானமூலையிலை எல்லே இருக்க வேணும். தங்கச்சி அம்மா லண்டனிலை இருந்து போனிலை ஒரே அழுகை. பேந்து அடுத்தநாள் புதுப் பிளான் வந்தது. கிணறும் இல்லை, அழுகையும் இல்லை. மஞ்சள் பூசி, கல்லும் வைச்சாச்சு."

"அந்தச் சாத்திரியார்," என்றார் பஞ்சலிங்கம் தரையிலிருந்து, "கூடாத கிணறு எண்டு சொல்லிப்போட்டு, தொண்டை வறண்டு போச்செண்டு இதிலை தான் ரெண்டு செம்பு அள்ளிக் குடிச்சவர்."

"புதுப் பிளான் ஆர் கொண்டு வந்தது அண்ணை?" என்று கேட்டாள் தனுசியா.

"ஒபிஸிலை இருந்து ஆரோ ஓட்டோக்காரனிட்டைக் குடுத்து விட்டவை. ஆரெண்டு தெரியாது."

ஜெரிசனுக்கு நெஞ்சுக்குள் சாந்து இறுகினது போல இருந்தது. ஒபிஸிலிருந்து என்றால் யார்? கீறுகிறவள். லண்டன் அம்மா அழுதிருப்பா, இவள் இரங்கி மறைத்திருப்பாள். நல்ல மனம்தான். நல்ல மனத்துக்கும் வேலை போகும்.

"லொறியை வெளியாலை எடுக்கச் சொல்லுங்கோ அண்ணை," என்றாள் தனுசியா. "பின்னேரத்துக்குள்ளை கிணறு போட்ட பிளான் வரும். ஐயா, நீங்கள் எழும்பலாம்."

"பிளான் வரட்டும் பிள்ளை," என்றார் பஞ்சலிங்கம். "அது மட்டும் நான் இப்பிடியே கிடக்கிறன். நெஞ்சுக்கும் குளிர்ச்சியாய்க் கிடக்கு."

* * *

மருதனார்மடம் தாண்டும்வரை ஜெரிசன் ஒன்றும் பேசவில்லை. அது ஒரு வியாதிக்கு அறிகுறி என்று தனுசியாவுக்குத் தெரியும்.

"என்ன, வாயிலை பன்சரோ?"

"பாவம் அந்தப் பிள்ளை. அவள் தான் செய்திருக்கிறாள். நாங்கள் போய் மாட்டிவிடப் போறம்."

"ஜெரிசன், செபநாயகம் அண்ணையின்ரை பைக்குள்ளை நீ சாந்தகப்பை தேடுவாயோ, சாந்தகப்பை பிடிக்கிறது எப்பிடி எண்டு சொல்லித் தாற புத்தகம் தேடுவாயோ?"

"அவருக்கு எதுக்குப் புத்தகம்?"

"அப்ப கஜந்தினிக்கு எதுக்கு அவ்வளவு பெரிய அண்டூப் பொத்தான்?"

ஓட்டோ ஒருதரம் வேலிப்பக்கம் போய்த் திரும்பி வந்தது.

"அப்பிடியெண்டால் அது வேறை ஆற்றையோ பை," என்றான்.

"நெடுகக் கீறாத ஆள். பிழை விட்டிடுவன் எண்டு பயம் உள்ள ஆள். திரைக்கு மேலை வழமையாய் இருக்கிற சின்ன அண்டூ கண்ணுக்குத் தெரியாத ஆள். அதுதான் தன்ரை வசதிக்குப் பூசணிக்காய் அளவிலை ரெண்டு பொத்தான் செய்து கீழை வைச்சுப்போட்டுது. வேலை முடிஞ்சு சந்தோசத்திலை கழட்ட மறந்து போச்சு."

"கண்ணுக்குத் தெரியாத ஆள்," என்று ஜெரிசன் தனக்குள் சொல்லிக்கொண்டான். மீன் மணம் என்று அவன் நினைத்த அந்தக் கார்டு, கை முழுசாய் நீட்டி, காற்றாடிக்குக் கொடுக்கிறது போல, அவன் கண்ணுக்கு முன் வந்து நின்றது. "ஐயோ அக்கா. எங்களைக் கூப்பிட்டதே அவ தானே."

"ஓம். அதுதான் எனக்கும் விளங்கேல்லை. நீ கெதியாய் ஓட்டு."

ஓட்டினான். உரும்பிராய்ச் சந்தியில் நின்ற மாடுகூட விலகி வழிவிட்டது.

* * *

மீனாம்பிகை சாவிக்கொத்தை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தா. கஜந்தினி தன் தண்ணீர்ப் போத்தலையும் சாப்பாட்டுப் பெட்டியையும் பைக்குள் வைத்துவிட்டாள்.

"அத்தாட்சி?" என்றா மீனாம்பிகை.

"கிடைச்சிட்டுது மேடம். எண்டாலும் எனக்கு இந்தக் கொம்பியூட்டர் விசயம் விளங்குதில்லை. நீங்கள் ஒருக்கால் இந்தக் கதிரையிலை இருந்து, ஒரு கிணறு வைச்சுக் காட்டுங்கோவன்."

"நானோ? நான் உதுகள் கீறி எத்தினை வருசம்."

"ஒரே ஒரு கிணறு."

மீனாம்பிகை இருந்தா. முதுகைப் பின்னுக்குச் சாய்த்து, முகத்தைத் திரையிலிருந்து எட்டத்தில் வைத்துக்கொண்டு மவுஸைப் பிடித்தா. கிணற்றுப் பொத்தானை அமத்தினா. வட்டம் விழுந்தது.

"கொஞ்சம் வேலிக்கு மேலை போச்சுது மேடம்," என்றாள் தனுசியா.

"ச்சா," என்றா மீனாம்பிகை. கண் வட்டத்திலேயே இருந்தது. மவுஸ் மட்டும் வழி தெரிந்த மாடு மாதிரி நேரே பட்டையின் அடிக்கு இறங்கிப் போய், பெரிய பொத்தானை அமத்தியது. வட்டம் மறைந்தது. பிறகு பக்கத்துப் பொத்தான். காணி கிட்ட வந்தது. புதுக் கிணறு சரியான இடத்தில் விழுந்தது.

கஜந்தினியின் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"மேடம்," என்றாள் தனுசியா, வலு மெதுவாக. "அந்தப் பொத்தான் அங்கை இருக்கெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

மீனாம்பிகை மவுஸிலிருந்து கையை எடுத்து, அந்தக் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தா.

"நான் மறைச்சது ஒரு கிணறு," என்றா கடைசியில். "தங்கச்சியின்ரை கிணறு மட்டும். இவள் வீட்டை போன பிறகு இருந்து செய்தனான். கிணத்தை அழிக்க மனம் வரேல்லை, பொத்தானை மாத்தி, பழைய கிணத்தை எடுத்திட்டுப் புதுசு வைச்சுப் பாத்தன். தாளிலை வரேல்லை. மறைஞ்சுட்டுது எண்டு சந்தோசப்பட்டுக்கொண்டு போயிட்டன்."

"நீங்கள் கிணத்தை மறைக்கேல்லை மேடம்," என்றாள் கஜந்தினி. "கிணறு வைக்கிற கையை மாத்திப்போட்டியள். அதுக்குப் பிறகு ஆர் எங்கை கிணறு வைச்சாலும் மறைஞ்சுது."

"எனக்கு உது தெரியாது. சத்தியமாய் நீ தான் எண்டு நினைச்சன்." மீனாம்பிகை வாசல் பலகைப் பக்கம் பார்த்தா, பார்க்காததுபோலத் திரும்பினா. "நான் சாத்திரத்தை நம்பிறேல்லை. தங்கச்சியின்ரை மகள் பிள்ளைத்தாச்சி. கன்னிமூலைக் கிணறு பிள்ளைக்கு ஆகாது எண்டு அந்த மனுசன் சொல்லிப்போட்டார். நான் நம்பிறேல்லை. எண்டாலும்."

அந்த 'எண்டாலும்' அங்கேயே நின்றது.

"அந்த மனுசன் அதே கிணத்திலை ரெண்டு செம்பு தண்ணி குடிச்சவராம் மேடம்," என்றான் ஜெரிசன். "இன்னும் உசிரோடை தான் இருக்கிறார்."

மீனாம்பிகைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தா, தோள் குலுங்கியது. கஜந்தினி சிரிக்கவில்லை.

"நேற்று எல்லாருக்கும் முன்னாலை சொன்னனீங்கள் மேடம்."

மீனாம்பிகை சாவிக்கொத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் போனை எடுத்தா. ஒவ்வொருவராய்க் கூப்பிட்டு, சத்தத்தை வெளியே விட்டு, பிழை தன்னுடையது, பிள்ளையுடையது அல்ல என்று ஆறு பேருக்கும் சொன்னா. நாலாவது ஆளின் காது மந்தம். அவருக்கு மட்டும் உரும்பிராய்ச் சந்திக்கே கேட்கும்படி மூன்றுதரம் சொல்ல வேண்டி வந்தது. மூன்றாம்தரம் சொல்லும்போதுதான் கஜந்தினியின் முகத்தில் சிரிப்பு வந்தது.

அவள் பையைத் தூக்கி மேசைக்குக் கீழே வைத்துவிட்டு இருந்தாள். கிணற்றுப் பொத்தானைத் திறந்து, பழைய லேயருக்கு மாற்றினாள். ஏழு பிளானிலும் கிணறுகளைத் திருப்பி வைத்தாள், விரல்கள் பறந்தன. பிரிண்டர் துப்பத் தொடங்கியது. நீர்வேலிக் கிணறு வந்தது. ஊரெழுக் கிணறு வந்தது. ஜெரிசன் ஒவ்வொரு தாளையும் பிடித்து, "வந்தாச்சு, தண்ணியோடை வந்தாச்சு," என்று மேசையில் அடுக்கினான். கடைசியில் அளவெட்டி. "இந்தக் கிணத்தை மேசன் மூடப் பாக்க, பக்கத்து வீட்டு ஐயா கட்டைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுத்திருக்கிறார் மேடம்," என்றான்.

"உங்கடை ரெண்டு பொத்தானையும் இதிலை இருந்து கழட்டுறன் மேடம்," என்றாள் கஜந்தினி. "உங்களுக்கெண்டு தனிப் பலெட் செய்து தாறன். அதை நீங்கள் என்ன பாடுபடுத்தினாலும் என்ரை கிணறுகளுக்கு ஒண்டும் வராது."

"பொத்தானைப் பெரிசாய் வை," என்றா மீனாம்பிகை.

அளவெட்டித் தாளை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்தா. இன்னும் நீட்டினா. கைக்கு நீளம் போதவில்லை.

"எங்கை கிணறு? இதிலையும் இல்லையே."

அளவெட்டியில் ஒரு மனிதர் இன்னும் கிணற்றுக்கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார். ஜெரிசன் ஓட்டோச் சாவியை விரலில் சுற்றினான். தனுசியா யன்னலைப் பார்த்தாள்.

மீனாம்பிகை ஒரு பெருமூச்சு விட்டு, மேசை லாச்சியைத் திறந்து, அடியில் துணிக்குள் சுற்றியிருந்த கண்ணாடியை எடுத்தா. ஒபிஸில் ஒருவரும் அதுவரை கண்டிராத கண்ணாடி. போட்டுக்கொண்டு குனிந்தா.

"இருக்கு," என்றா. "கன்னிமூலையிலை தான் இருக்கு. கொண்டுபோய்க் குடு தம்பி. அந்தக் கிணத்தடி ஐயா எழும்பட்டும்."